வறட்சி வயலுக்கு வந்த தண்ணீர் லாரி

பச்சை. அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

ஆவடியில் ரயிலைவிட்டு இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஒன்பதாவது ஆளாக ஒட்டிக்கொண்டு, ஆராய்ச்சி நிலையத்து வாசலில் குதித்துப் பார்க்கிறேன். மூன்று வாரமாகச் சுருண்டு, வெளிறி, நுனி கருகி நின்ற என் நெல் வயல், அன்றைக்குக் காலையில் கல்யாண வீட்டு வாழைமரம் மாதிரி பச்சைப்பசேலென்று நின்றது.

வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். என்னால் முடியவில்லை. ஏனென்றால் அது காய வேண்டிய வயல். காய்வதற்காகவே நட்ட வயல். வரப்போரம் என் கையெழுத்திலேயே பலகை நட்டிருந்தேன்: 'வறட்சி தாங்கும் நெல் ஆராய்ச்சி. தண்ணீர் பாய்ச்சக் கூடாது.'

அந்தப் பலகையின் காலடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. தண்ணீரில் ஒரு கொக்கு நின்று மீன் தேடிக்கொண்டிருந்தது.

மண்ணூர்பேட்டையிலிருந்து ஒரு கடிதம்

இந்தப் பத்திரிகைத் தொடரில் இந்தக் கதையை எழுத வேண்டாம் என்றுதான் இத்தனை வாரமாக ஒதுக்கி வைத்திருந்தேன். என் முதல் சம்பளம், பல்கலைக்கழக விடுதியின் சாம்பார், விதைக் கம்பெனியில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது எல்லாவற்றையும் எழுதியாகிவிட்டது. இதை மட்டும் தாண்டிக் குதித்துப் போய்க்கொண்டிருந்தேன்.

போன வாரம் மண்ணூர்பேட்டையிலிருந்து ஒரு தகப்பனார் பத்திரிகை அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறார். மகள் வேளாண்மையில் முதுகலை முடித்துவிட்டாளாம். 'பயிர் அறிவியலில் மாணவர்களுக்கு ஆராய்ச்சி வாய்ப்புகள் எப்படி இருக்கின்றன? வெளிநாட்டு விஞ்ஞானிகள் வந்துபோகும் இடமாகப் பார்த்துச் சேர்த்தால் நல்லதா? அனுபவசாலியான தாங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.'

அனுபவசாலி. நல்ல பட்டம். ஐயா, ஒரு வார்த்தையில் சொல்ல முடியாது. இந்த வாரத்துப் பக்கம் முழுக்க உங்களுக்குத்தான்.

வாய்ப்புகள் இருக்கின்றன. எங்கள் நிலையத்திலேயே கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது. உலகத்தில் எந்த மூலையில் எந்த உதவித்தொகை அறிவித்தாலும் அதன் நகலை அதற்குள் ஒட்டுவார்கள். கண்ணாடிக் கதவின் சாவி இயக்குநரின் உதவியாளரிடம் இருந்தது. அவர் விடுப்பில் இருந்து வந்து, சாவியைத் தேடி, ஒட்டி முடிப்பதற்குள் விண்ணப்பத்தின் கடைசித் தேதி போயிருக்கும். நாங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று, நேற்றோடு முடிந்துபோன எங்கள் எதிர்காலத்தை வரிவரியாகப் படித்துவிட்டு டீ குடிக்கப் போவோம்.

காய வைப்பதும் வேலைதான்

என் ஆராய்ச்சி எதைப் பற்றியது என்று சொல்லிவிடுகிறேன். கஷ்டமான விஷயம் இல்லை. எங்கள் இயக்குநரைத் தவிர எல்லோருக்கும் புரிந்த விஷயம்தான்.

பன்னிரண்டு நெல் ரகங்கள். சின்னச் சின்னப் பாத்திகளாக நடுவோம். பயிர் வேர் பிடித்து நின்றதும், நல்ல சித்திரை வெயிலில் தண்ணீரை நிறுத்திவிடுவோம். அதற்குப் பிறகு தினமும் உச்சி வெயிலில் போய் ஒவ்வொரு பாத்தியிலும் இலை எவ்வளவு சுருண்டிருக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போட வேண்டும். விரிந்த இலைக்குப் பூஜ்யம். ஊசி மாதிரி சுருண்டுவிட்டால் ஒன்பது. எது முதலில் சாகிறது, எது இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று தெரிந்த பிறகு, ஒரு நாள் எல்லாவற்றுக்கும் ஒன்றாகத் தண்ணீர் விடுவோம். எது மறுபடி துளிர்க்கிறது என்று பார்ப்போம்.

அந்தத் தண்ணீர் விடும் நாளை நான் தீர்மானிக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு குடம் தண்ணீர் விழுந்தாலும் அந்த வருஷத்து ஆராய்ச்சி குப்பை. அடுத்த கோடை வரைக்கும் காத்திருக்க வேண்டும். எனக்கோ அது மூன்றாவது வருஷம், உதவித்தொகையின் கடைசி வருஷம். அடுத்த கோடை என்று ஒன்று எனக்கு இல்லை.

மழை வந்துவிடுமோ என்றுதான் நான் பயந்துகொண்டிருந்தேன். விமானப் படைத் தளத்துப் பக்கம் மேகம் கறுத்தால் எனக்கு இங்கே நெஞ்சு அடித்துக்கொள்ளும். இயக்குநர் வருவார் என்று நினைக்கவில்லை.

நான் ராமநாதபுரத்துக்காரி. எந்த நேர்காணலிலும் 'ஏன் வறட்சியை எடுத்தீர்கள்' என்று கேட்பார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும், உச்சுக் கொட்டி உடனே தலையாட்டுவார்கள். உண்மையான காரணம், நான் சேர்ந்த வருஷம் அந்தத் தலைப்பு ஒன்றுதான் மீதி இருந்தது.

வயலில் எனக்குத் துணை ஏகாம்பரம் அண்ணன். நாற்பத்தைந்து வயது இருக்கும். கோவில்பதாகைக்காரர், பரம்பரையாக அங்கேயே பயிர் வைத்த குடும்பம். நிலையத்தின் வடக்குப் பகுதி ஒரு காலத்தில் அவருடைய தாத்தாவின் நிலம் என்பார்கள். அவர் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. பதினாறு வருஷமாகத் தினக்கூலி. 'அடுத்த வருஷம் நிரந்தரம்' என்று பதினாறு தடவை கேட்டவர்.

அவருடைய பொறுப்பில் வயல் பதிவேடு இருந்தது. பழுப்பு அட்டை போட்ட தடிமனான நோட்டு. வெயில் எவ்வளவு, மழை பெய்ததா, எந்த வயலுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் விட்டது, யார் சொல்லி விட்டது. தினமும் எழுதி, கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போடுவார். எட்டாம் வகுப்புப் படித்தவர். என் ஆய்வேட்டில் இருந்த பிழைகளில் பாதி அந்த நோட்டில் கிடையாது.

நெல் வேண்டாமாம்

அந்தக் கோடையில் எங்களுக்கு ஒரு வருகை விஞ்ஞானி வாய்த்தார். பிறந்தது கும்பகோணம் பக்கம். இருபது வருஷமாக வெளிநாட்டில் பேராசிரியர். காகிதத்தில் ஒரு மாதம் எங்களோடு தங்கி ஆராய்ச்சி செய்ய வந்தவர். அதில் இருபத்தொன்பது நாள் குலதெய்வம், நவக்கிரகம், அக்கா மகள் வளைகாப்பு என்று போய்விட்டது. எங்களுக்கு மிஞ்சியது ஒரே ஒரு நாள்.

அந்த ஒரு நாளில் அவர் எங்கள் மாணவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, ஆறு மாதம் தன் ஆய்வகத்துக்கு அழைத்துப் போவார். ஓர் இடம். மூன்று பேர் போட்டி. எனக்கு அந்த இடம் கிடைத்தால் உதவித்தொகையும் நீளும், ஆய்வேட்டையும் முடிக்கலாம். கிடைக்காவிட்டால் மூன்று வருஷத்தை மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போய், 'படிச்சு என்ன கிழிச்சே' என்று கேட்கும் மாமாவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அவர் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் இயக்குநர் கூப்பிட்டார். அவர்தான் எனக்கு வழிகாட்டியும். நான் என் மதிப்பெண் நோட்டோடு ஓடினேன்.

"அதெல்லாம் வைம்மா. அம்பத்தூர் எஸ்டேட் பக்கம், மண்ணூர்பேட்டைல நம்ம பேனர் கடை இருக்கு. போய்ப் பக்கத்துல நின்னு அடிச்சு வாங்கிட்டு வா. போன தடவை என் படத்தை ஸ்டாம்ப் சைஸ்ல போட்டுட்டான்."

முனைவர் பட்ட மாணவியான நான் பேனர் கடைக்குப் போனேன். ஐயா, இதுவும் ஆராய்ச்சி வாய்ப்புதான். அதற்கு முன்னால் சால்வை வாங்கியிருக்கிறேன், கார் பிடித்துக் கொடுத்திருக்கிறேன், இயக்குநர் மகளின் பள்ளிக்கூடத்துக்குத் தெர்மாகோலில் அணை கட்டிக் கொடுத்திருக்கிறேன். அணை நன்றாக வந்தது. முதல் பரிசு.

கடைக்காரர் திரையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "ரெண்டு மூஞ்சியும் ஒரே சைஸ்ல வெக்கச் சொல்றாரு. அப்பால நடுவுல இந்த நெல்லு படத்த எங்க மேடம் வெக்கிறது?"

இயக்குநருக்குப் போன் போட்டேன். நெல் வேண்டாம் என்றார்.

நெல்லை எடுத்துவிட்டு, முகங்களைப் பெரிதாக்கி, மறுபடி அடித்து, காயவைத்துச் சுருட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. நான் அந்தப் பெயிண்ட் நாற்றத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த அதே நேரத்தில்தான் ஆவடியில் என் வயலுக்குள் தண்ணீர் லாரி நுழைந்திருக்கிறது.

ஒரே குழியில் மூன்று வேம்பு

எங்கள் நிலையத்தில் யார் வந்தாலும் மரக்கன்று நடுவார்கள். முகப்பில் ஒரு குழி உண்டு. வந்தவர் வேப்பங்கன்றை வைப்பார், பூவாளியால் நாலு சொட்டு விடுவார், படம் எடுப்பார்கள். அதோடு சரி. அப்புறம் அந்தக் கன்றுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் விட ஆள் கிடையாது. காய்ந்துவிடும். அடுத்த விருந்தாளி வருவதற்குள் குச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அதே குழியில் புதுக் கன்று. நான் இருந்த காலத்தில் மட்டும் மூன்று வேம்பு அந்தக் குழியில் செத்தது.

தண்ணீர் கேட்கிற வேம்புக்குத் தண்ணீர் இல்லை. வேண்டாம் என்று பலகை வைத்த வயலுக்கு லாரி வைத்து ஊற்றுகிறார்கள். இவர்கள் கையில்தான் நாட்டின் பயிர் ஆராய்ச்சி இருந்தது.

கத்தரிக்கோல்

தண்ணீரில் கொக்கு நின்றது என்று சொன்னேன் அல்லவா. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏகாம்பரம் அண்ணன் மோட்டார் அறைப் பக்கமிருந்து வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்னண்ணா இது?"

"நா இன்னா மேடம் பண்றது. நேத்து சாய்ங்காலம் பெரிய ஐயா வந்தாரு. 'இன்னாய்யா, பயிரு செத்துகினு கீது, வெளிநாட்டுக்காரரு பாத்தா காறித் துப்புவாரு'ன்னாரு. சார், இது காயணும், காஞ்சாத்தான் மேடம் கணக்கு எடுக்க முடியும்னு சொன்னேன். 'எனக்கே பாடம் நடத்துறியா'ன்னு எகிறுனாரு. அப்பால லாரி வந்துச்சு. ரெண்டு நடை."

சுருண்ட நெல் இலைக்குத் தண்ணீர் கிடைத்தால் ஒரே ராத்திரியில் விரிந்துவிடும். ஆனால் கருகிப்போன நுனி பச்சையாகாது. நான் குனிந்து பார்த்தேன். எந்த இலையிலும் நுனியே இல்லை. எல்லாம் நேர்கோடாக வெட்டியிருந்தது.

"அத்தயும் சொல்லிடறேன்," என்றார். "காலைல ஆறு மணிக்கு பொம்பளைங்கள வர்ச்சொல்லி, ஆளுக்கொரு கத்தரி குட்த்து, காஞ்ச முனையெல்லாம் வெட்ட வுட்டாரு."

நெல் பயிருக்கு முடி வெட்டியிருக்கிறார்கள். அழ வேண்டிய நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகு அழுகையும் வந்தது.

இயக்குநரின் அறைக்குப் போனேன். புதுச் சட்டையில் இருந்தார். நான் வாய் திறப்பதற்கு முன் அவரே ஆரம்பித்தார்.

"பார்த்தியா, எப்படி இருக்கு! நேத்து சுடுகாடு மாதிரி இருந்துச்சும்மா. லுக்குன்னு ஒண்ணு இருக்குல்ல."

"சார், அது வறட்சி ட்ரையல். காயணும் சார்."

"காஞ்சது போதும். டேட்டால கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. அவர் கேட்டா இருபத்திரண்டு நாள் தண்ணி இல்லாம நிக்குதுன்னு சொல்லு. அதுதான் நம்பர். தீசிஸ்ல கையெழுத்து நான்தான் போடணும், ஞாபகம் இருக்கட்டும்."

மிரட்டுகிற குரல் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது மாதிரி சொன்னார்.

பத்து நிமிடம்

விருந்தாளி பத்து மணிக்கு வந்தார். பேனரின் கீழ் நின்றார், நாலாவது வேம்பை நட்டார், பிறகு என் வயலுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கி வந்தார். பக்கத்து ராணுவ டாங்கித் தொழிற்சாலையில் வண்டி ஓட்டிப் பார்க்கும் உறுமலில் பாதிப் பேச்சு காதில் விழவில்லை. இயக்குநர் கத்திப் பேசினார்.

"இருபத்திரண்டு நாள் சார்! ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது! பாருங்க எப்படி நிக்குதுன்னு!"

விருந்தாளி ஒரு இலையைக் கிள்ளி எடுத்து, வெட்டிய நுனியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பளபளவென்ற ஷூ நுனியால் மண்ணை அழுத்தினார். சேறு அப்பிக்கொண்டது. அதைப் புல்லில் தேய்த்துக்கொண்டே, "பிரமாதம்" என்றார்.

எனக்கு அப்போது அவர்மேல் மரியாதை வந்தது. இவருக்குத் தெரிந்துவிட்டது, இவர் கேட்பார் என்று நினைத்தேன்.

"ரிஜிஸ்டர் யார் எழுதறது?" என்றார்.

"நாந்தான் சார்," என்று ஏகாம்பரம் அண்ணன் முன்னால் வந்தார்.

"அது எதுக்கு சார், லேபர் ஏதோ கிறுக்கி வெக்கிறது..." என்று இயக்குநர் குறுக்கே வந்தார்.

"சும்மா பார்க்கலாமே. மேல கொண்டுவரச் சொல்லுங்க."

எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளிகளுக்காகச் செய்கிற அலங்காரம் எதுவும் பதிவேட்டில் ஏறாது. இயக்குநர் 'எழுத வேண்டாம்' என்று கையைக் காட்டுவார், அந்தத் தேதியில் வெயிலும் மழையும் மட்டும் இருக்கும். இந்த முறையும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நேர்காணலுக்கு மாடிப்படி ஏறும்போது ஏகாம்பரம் அண்ணன் கீழே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு, சேறு படாமல் காலைத் துடைத்திருந்தார்.

"மேடம், கேட்டா உள்ளத சொல்லிடு. நா இங்கியே கீறேன். கூப்ட்டா வந்து சொல்றேன்."

சரிண்ணா என்றேன். தினக்கூலி ஆள் வந்து என்ன சொல்லி என்ன ஆகப்போகிறது என்றும் நினைத்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

மாடி அறை

மேஜைமேல் முந்திரிப் பருப்பு, போண்டா, பதிவேடு. விருந்தாளி இந்தப் பக்கம், இயக்குநர் அந்தப் பக்கம். ஏதாவது மரபணு, வேர் நீளம் என்று கேட்பார் என்று இரண்டு நாளாகப் படித்து வைத்திருந்தேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதுவும் தமிழில்.

"உங்க வயலுக்குக் கடைசியா எப்பம்மா தண்ணி பாய்ஞ்சது?"

இயக்குநர் ஒரு முந்திரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். என்னைப் பார்க்கக்கூட இல்லை. அவ்வளவு நம்பிக்கை.

"இருபத்திரண்டு நாளாச்சு சார்."

விருந்தாளி பதிவேட்டைத் திறந்து, என் பக்கம் திருப்பி வைத்தார். முந்தின நாள் தேதி. குண்டுக் குண்டாக அந்தக் கையெழுத்து. கீழே ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு.

'மாலை ஐந்து மணி. வறட்சி வயலுக்கு லாரித் தண்ணீர் இரண்டு நடை. பெரிய ஐயா சொல்லி ஊற்றியது. மேடம் மண்ணூர்பேட்டை போயிருந்தாங்க. மேடத்துக்குத் தெரியாது.'

மேடத்துக்குத் தெரியாது. என்மேல் பழி வந்துவிடக் கூடாதே என்று, கேட்காமலே அந்த மனிதர் எழுதி வைத்திருந்த வரி. பதினாறு வருஷத்து நிரந்தர வேலைக் கனவை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இயக்குநரின் பெயரை எழுதி, என் பெயரைக் காப்பாற்றி, கீழே கோடும் போட்டிருந்தார்.

"இன்னொரு தடவை கேக்கறேன்," என்றார் விருந்தாளி. குரலில் கோபம் இல்லை. "எப்ப?"

இப்போது இயக்குநர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். கதவுக்கு வெளியே, படிக்குக் கீழே, கூப்பிட்டால் வர ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"இருபத்திரண்டு நாள்தான் சார்," என்றேன். "அவர் தப்பா எழுதியிருக்கார்."

விருந்தாளி என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். பதிவேட்டை மூடி இயக்குநர் பக்கம் தள்ளினார்.

"இந்தப் பொண்ணு எங்க போனாலும் பொழைச்சுக்கும்," என்றார். என் பெயருக்கு நேராக டிக் அடித்தார்.

ஆறு மாதம்

ஆம், போனேன். ஆறு மாதம். அவருடைய ஆய்வகத்தில் கண்ணாடிக் குப்பிகளைக் கழுவினேன், வேறு யாரோ நட்ட செடியின் வேர்களை எண்ணினேன். அவர் என்னிடம் அந்த வயலைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அவருக்கு அது முக்கியமில்லை. எங்கள் நிலையத்தோடு கூட்டாய்வு என்று காட்ட ஓர் ஆள் வேண்டும். பொய் என்று தெரிந்து எடுத்த ஆள் சொன்னபடி கேட்பாள் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

நுனி வெட்டிய அந்தப் பச்சை வயலின் படம் எங்கள் நிலையத்து ஆண்டறிக்கையின் அட்டையில் வந்தது. இயக்குநர் ஓய்வு பெற்றபோது வெளியிட்ட மலரிலும் வந்தது. ஓரத்தில் பேனர் தெரியும், பேனரில் இரண்டு முகமும் ஒரே அளவில் இருக்கும்.

நான் திரும்பி வந்தபோது பதிவேட்டை வேறு யாரோ எழுதிக்கொண்டிருந்தார். களை எடுக்கும் பெண்களிடம் கேட்டேன். ஒருத்தி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உனுக்குத் தெரியாதா மேடம்? பொய் எய்துனாருன்னு சொல்லி நிறுத்திட்டாங்க. மேடமே தப்புன்னு சொல்லிட்டாங்களே, அப்பால இன்னா விசாரணைன்னாராம் பெரிய ஐயா."

இந்தப் பக்கங்களில் எத்தனை பேரைக் கிண்டல் செய்திருக்கிறேன்! இயக்குநர், விருந்தாளி, சாவிக்காரர், பேனர், போண்டா. எல்லோரும் அவரவர் குணப்படி நடந்துகொண்டார்கள். காறித் துப்ப வேண்டிய ஆள் என்று நான் இன்றைக்கும் நினைப்பது, முந்திரித் தட்டுக்கு முன்னால் நல்ல புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த மாணவியைத்தான்.

கேட்டுக்குப் பக்கத்தில்

அப்புறம் அம்பத்தூரில் விதைக் கம்பெனி வேலை. கல்யாணம். கோவில்பதாகையில் ஒரு அடுக்குமாடியில் வீடு. எங்கள் குடியிருப்பில் முக்கால்வாசிப் பேர் ஐ.டி. வேலைக்காரர்கள், மீதிப் பேர் எங்கேயிருந்தோ வந்தவர்கள். கோடை வந்தால் எல்லோருக்கும் லாரித் தண்ணீர்தான்.

ஒரு சனிக்கிழமை காலை, குடியிருப்போர் சங்கத்தின் தண்ணீர்க் கணக்குப் பார்க்க என் முறை. புதுக் காவலாளி வந்திருக்கிறார் என்றார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் நீலச் சட்டை போட்டு ஏகாம்பரம் அண்ணன் நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் ஒரு நோட்டு.

"இன்னா மேடம், நல்லா கீறியா?" என்றார்.

இத்தனை வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. "அண்ணா, அன்னிக்கு நான்..." என்று மட்டும் வந்தது.

"வுடு மேடம்."

அதோடு முடித்துவிடுவார் என்று நினைத்தேன். முடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அவுரு ஊத்துனாரு. அவுரு கைல பதவி கீது, ஊத்துவாரு. வேல போனதுகூட போவட்டும். ஆனா நா தப்பா எய்திட்டேன்னு நீ இன்னாத்துக்கு மேடம் சொன்ன? பதினாறு வருசம். ஒரு நாள்கூட நா தப்பா எய்துனது இல்லியே. அது உனுக்குத் தெரியுமே."

தெரியும் என்றேன். மன்னிப்புக் கேட்டேன். அதற்குள் லாரி ஹாரன் அடித்தது. அவர் போய் கேட்டைத் திறந்தார், குழாயை இழுத்துத் தொட்டிக்குள் விட்டார், கைக்கடிகாரத்தில் மணி பார்த்து நோட்டில் எழுதினார், கீழே கோடு போட்டார். நோட்டை என்னிடம் நீட்டினார்.

"பட்ச்சிட்டு கையெய்த்து போடு மேடம். சரியா கீதான்னு பாத்துக்க."

படித்தேன். சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன். இப்போதும் என் முறை வரும் வாரங்களில் அப்படித்தான். அதற்கு மேல் அவர் என்னோடு பேசுவதில்லை.

மண்ணூர்பேட்டை ஐயா, உங்கள் மகளை ஆராய்ச்சிக்கு அனுப்புங்கள். வாய்ப்புகள் நிறைய இருக்கின்றன. அவள் வேலை செய்யப்போகும் வயலில் பதிவேடு எழுதுகிறவர் யார் என்று முதல் நாளே தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். ஒரு நாள் அவளிடமும் ஒரு கேள்வி கேட்பார்கள். அது இரண்டு தடவை கேட்கப்படும் என்று நம்ப வேண்டாம். என்னிடம் இரண்டு தடவை கேட்டார்கள், அப்போதும் நான் சொல்லவில்லை.

இப்போது சொல்கிறேன், சார். என் வயலுக்குக் கடைசியாகத் தண்ணீர் பாய்ந்தது முந்தின நாள் மாலை ஐந்து மணிக்கு. லாரித் தண்ணீர், இரண்டு நடை. ஏகாம்பரம் சரியாகத்தான் எழுதியிருந்தார்.